அப்பா பார்க்கும் படங்களில் இந்த வீடு இல்லை

கேள்வி:

எனக்கு 27 வயது. மட்டக்களப்பில் களுவாஞ்சிகுடிப் பக்கம் ஊர். கல்முனையில் ஒரு வங்கியில் வேலை செய்கிறேன். அப்பா ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது 63. பென்சன் காசோடு லோனும் எடுத்து, எங்கள் வளவுக்குள்ளேயே எனக்கென்று ஒரு வீடு கட்டியிருக்கிறார். லோனில் பாதியை என் சம்பளத்தில் கட்டுகிறேன். குடிபூரல் (புதுமனை புகுவிழா) இன்னும் நடக்கவில்லை.

கொழும்பில் பயிற்சிக்குப் போனபோது பழகிய ஒருவரை விரும்புகிறேன். அவருக்கு மலையகத்தில் ஹட்டன் பக்கம். வேலை கொழும்பில். இதை வீட்டில் சொன்ன நாளிலிருந்து அப்பா என்னோடு நேரே பேசுவதில்லை. இரவில் யூடியூப்பில் பழைய சிவாஜி படம் ஒன்றைப் போட்டுவிட்டு, எனக்குக் கேட்கிற மாதிரி அம்மாவிடம், "பார், அந்தக் காலத்துப் பிள்ளைகள் தாய் தகப்பன் சொல்லுக்கு எப்படிக் கட்டுப்பட்டு நடந்தார்கள்" என்கிறார். பாசமலர், படிக்காத மேதை, வியட்நாம் வீடு என்று மாறி மாறி ஓடும். ஒருநாள் பொறுக்க முடியாமல், "இந்தப் படங்களில் பொம்பளைகள் அழுவதைத் தவிர வேறென்ன செய்கிறார்கள்?" என்று கேட்டுவிட்டு எழும்பிப் போய்விட்டேன். அதிலிருந்து நான் இருக்கும்போது அவர் சாப்பிடவும் வருவதில்லை. அம்மா, "அப்பாவுக்குப் பிரஷர், யோசித்து நட" என்கிறார். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

அப்பா போடுகிற படங்களின் பெயர்களை நீங்கள் எழுதியது நல்லதாய்ப் போயிற்று. அவர் வாயால் சொல்லாத பலதை அந்தப் பெயர்கள் எனக்குச் சொல்லிவிட்டன.

அடங்கி நடக்கும் பிள்ளைகளுக்குச் சாட்சியாக அவர் காட்டும் படங்களில் அப்படிப்பட்ட பிள்ளைகளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 1960இல் வந்த படிக்காத மேதையை எடுங்கள். ரங்காராவ் குடும்பத்தில் கையில் காசிருக்கும்வரை பெற்ற பிள்ளைகளுக்கு ஒரு முகம், குடும்பம் நொடிந்த பிறகு இன்னொரு முகம். கடைசிவரை அந்தக் குடும்பத்துக்காக உழைக்கிறவன் ரங்கன். அவன் அந்த வீட்டில் வளர்ந்தவன், அவர்கள் பெற்ற பிள்ளை இல்லை. 1970இல் வந்த வியட்நாம் வீட்டில் பத்மநாபனின் பிள்ளைகள் தகப்பன் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நடந்திருந்தால், அந்த வீட்டுக்கு ஒரு போர்க்களத்தின் பெயர் வந்திருக்காது. பிள்ளைகள் மாறிவிட்டார்கள், முன்போல் இல்லை என்ற பெரியவர்களின் ஏக்கம் உங்கள் அப்பா பிறப்பதற்கு முன்பே திரைக்கு வந்துவிட்டது. 1964இல் காதலிக்க நேரமில்லை வந்தபோது, பணக்கார மாப்பிள்ளை தேடிய பாலையாவைப் பிள்ளைகள் ஏமாற்றுவதைப் பார்த்து எங்கள் அம்மம்மாமாரும் சேர்ந்துதான் சிரித்தார்கள்.

இதை அப்பாவிடம் வாதமாகக் கொண்டுபோய்விடாதீர்கள். அம்மாவுக்கு முன்னால் அவரை மடக்கியது போலாகிவிடும். அவர் போடுகிற படங்களை நீங்கள் வேறு காதோடு கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் சொல்கிறேன். வாயால் அவர் பேசுவது கீழ்ப்படிவைப் பற்றி. ஆனால் திரும்பத் திரும்பத் தெரிவு செய்வதோ நொந்துபோன தகப்பன்மாரின் கதைகளை. வியட்நாம் வீடு, உத்தியோகமும் அதோடு வந்த மதிப்பும் ஒரே நாளில் கையைவிட்டுப் போன ஒரு மனிதனின் கதை. உங்கள் அப்பாவும் ஓய்வு பெற்றவர். முப்பது வருடத்துக்கு மேலாக ஊரே "சேர்" என்று எழும்பி நின்றிருக்கும். இப்போது காலையில் வெளிக்கிட்டுப் போக ஓரிடம் இல்லை, அவர் கையெழுத்துக்காக ஒரு கடதாசியும் காத்திருப்பதில்லை. அந்த நேரத்தில்தான் உங்கள் செய்தியும் வந்திருக்கிறது.

பாசமலரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1961இல் பீம்சிங் எடுத்த படம். அண்ணன் தங்கைப் பாசத்துக்காக அதைப் பார்த்து அழுகிறோம். ஆனால் ராதா யாரைக் கட்டுகிறாள் என்று யோசித்துப் பாருங்கள். அண்ணன் பார்த்து வைத்த மாப்பிள்ளையையா? இல்லை. தான் விரும்பிய ஆனந்தனை. அவன் அண்ணனின் ஆலையிலேயே தொழிலாளர் பக்கம் நின்று அண்ணனை எதிர்த்தவன். அண்ணனுக்கு ஆத்திரம் வருகிறது. பிறகு தன் ஆத்திரத்தைத் தானே விழுங்கிக்கொண்டு கலியாணத்தைச் செய்து வைக்கிறான். அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அப்பா எடுத்துக்காட்டும் படத்திலேயே, வீட்டுத் தலைவன்தான் தங்கையின் விருப்பத்துக்கு இறங்கி வருகிறான்.

இதே கதைக்கு 17 வருடம் கழித்து மகேந்திரன் திரும்பி வந்தார். 1978இல் முள்ளும் மலரும். காளி, தாய் தகப்பன் இல்லாமல் தங்கை வள்ளியை வளர்த்தவன். மின் நிலையத்தில் விஞ்ச் என்ற இழுவை வண்டி ஓட்டுகிறவன். மேலதிகாரியாக வந்த இஞ்சினியரை அவனுக்குக் கண்ணில் காட்டக் கூடாது. ஒரு கையையும் இழந்து நிற்கிற நேரத்தில் அதே இஞ்சினியர் வள்ளியைப் பெண் கேட்கிறான். காளி மறுத்து, வேறு ஒருவனுக்குப் பேசுகிறான். கடைசியில் காளியின் மனைவியும் ஊராரும் வள்ளியின் பக்கம் நின்று அவளை இஞ்சினியரிடம் அழைத்துப் போகிறார்கள். வழியில் காளி நிற்கிறான். அவனைக் கண்டதும் வள்ளி கூட்டத்தை விட்டு அண்ணனிடம் ஓடி வந்துவிடுகிறாள்.

அவள் வந்ததே அவனுக்குப் போதும். தானே கூட்டிக்கொண்டுபோய் அவளை அந்த மனிதனிடம் கொடுக்கிறான். கொடுக்கும்போதும், உங்களை எனக்கு இன்னும் பிடிக்கவில்லை என்று மாப்பிள்ளையின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் கொடுக்கிறான்.

பாசமலரில் அண்ணன் தன் கோபத்தை மறைத்து, தியாகியாக உருகிப் போகிறான். காளி எதையும் மறைக்கவில்லை, உருகிப் போகவும் இல்லை. பிடிக்கவில்லை என்பதை வைத்துக்கொண்டே சம்மதம் கொடுக்கிறான். அந்த 17 வருடத்தில் குடும்பத்தைப் பற்றிய தமிழ்ச் சினிமாவின் நினைப்பு எவ்வளவு வளர்ந்துவிட்டது என்பதற்கு எனக்கு இந்த ஒரு காட்சி போதும். என்னிடம் வருகிற பிள்ளைகள் பலரும் தாய் தகப்பனிடம் இரண்டு காரியத்தை ஒரே நாளில் கேட்கிறார்கள். சம்மதிக்கவும் வேண்டும், தாங்கள் விரும்புகிறவரைப் பிடிக்கவும் வேண்டும். சம்மதத்தைக் கேட்கலாம். பிடித்தம் கேட்டு வருகிற சாமான் இல்லை. அதற்கு வருடங்கள் பிடிக்கும், சிலவேளை பேரப்பிள்ளை வந்து அதைச் செய்யும். அப்பா அவரைப் பிடிக்கவில்லை என்று சொல்லட்டும். சொல்ல விடுங்கள்.

நீங்கள் எழும்பிப் போகும்போது கேட்ட கேள்விக்கு வருகிறேன். அந்தப் பெண்கள் அழுகிறார்கள் என்பது உண்மை. அழுது அழுதே தன் பக்கத்தை நிலைநிறுத்துகிறவர்களும் அவர்களில் உண்டு. ஆனால் பழைய படம் முழுவதும் அதுதான் என்று ஒதுக்கிவிடாதீர்கள். 1969இல் இரு கோடுகளில் சௌகார் ஜானகி கலெக்டராக வந்து உட்கார்கிறார், அவரை விட்டுப்போன கணவன் அதே அலுவலகத்தில் கிளார்க். 1974இல் அவள் ஒரு தொடர்கதையில் சுஜாதா உழைத்துக் கொட்டுகிறாள், முழுக் குடும்பமும் அந்தச் சம்பளத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறது. தன் கலியாணத்தை அவள் தள்ளிக்கொண்டே போக வேண்டியிருக்கிறது. மகளின் சம்பளத்தில் வீடு நடக்கும்போது வீட்டில் யார் சொல் செல்ல வேண்டும் என்ற கேள்வியைப் பாலசந்தர் அப்போதே முகத்தில் அடித்தாற்போல் கேட்டார். சம்பளத்தில் லோன் கட்டும் உங்களுக்கு அது தூரத்துக் கதை இல்லை. அப்பாவின் ரசனையை மட்டம் தட்டாமலே இதைப் பேச வழி இருந்தது. அன்று அவரைச் சுட்டது உங்கள் கருத்தாக இருக்காது, நீங்கள் எழும்பிப் போனதுதான்.

இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். அப்பாவுக்கு 63 என்றால், பாசமலர் வந்தபோது அவர் பிறக்கவில்லை. வியட்நாம் வீடு வந்தபோது சின்னப் பொடியன். "அந்தக் காலம்" என்று அவர் சொல்வது அவருடைய இளமைக் காலமே இல்லை, அவருடைய தாய் தகப்பனின் காலம். உங்கள் வயதில் அவர் வாழ்ந்தது எண்பதுகளின் கடைசியில். யுத்தம் நடந்த அந்த வருடங்களில் மட்டக்களப்பில் இளம் ஆளாக இருப்பதே ஆபத்தாக இருந்தது. யாரை விரும்புகிறாய், எங்கே வேலைக்குப் போகப் போகிறாய் என்று வீட்டில் சண்டை பிடிக்க எவருக்கு வாய்த்தது? பிள்ளை இரவு வீட்டுக்குத் திரும்பினானா என்பதுதான் கேள்வி. மின்சாரம் இல்லாத ஊர்களில் ஜெனரேட்டர் பிடித்து, வாடகைக்கு வீடியோ டெக் எடுத்து, விடியும்வரை படம் ஓட விட்டு எல்லாரும் ஒரே வளவில் பாய் விரித்துக் கிடந்த தலைமுறை அது. தாய் தகப்பனோடு முரண்பட்டு, பிறகு சமாதானமாகி, அப்படியே பெரியவராகிற அந்தப் படியை அவர்களில் பலர் ஏறவே இல்லை. நீங்கள் சொன்ன "இல்லை" அவருக்கு இவ்வளவு பெரிதாகக் கேட்பதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

அம்மா சொன்ன பிரஷருக்கு வருகிறேன். 1986இல் வந்த மௌன ராகத்தில் திவ்யா கலியாணம் வேண்டாம் என்கிறாள். தகப்பனுக்கு நெஞ்சுவலி வருகிறது. அதற்குப் பயந்து தலையை ஆட்டுகிறாள். புதுக்கணவன், உனக்கு என்ன பரிசு வேண்டும் என்று கேட்க, விவாகரத்து என்கிறாள். படம் முடிவில் அவர்களைச் சேர்த்து வைத்துவிடுகிறது. என் அறைக்கு வருகிற தம்பதிகளுக்கு அப்படியொரு முடிவை எழுதித் தர ஆள் இல்லை. பயத்தில் வாங்கிய சம்மதம் பத்து வருடம் கழித்தும் இரண்டு பேரையும் அரித்துக்கொண்டிருப்பதை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அப்பாவின் பிரஷரைக் கிளினிக்கில் கொண்டுபோய்க் காட்டுங்கள், நீங்களே கூடப் போங்கள், குளிசை ஒழுங்காகப் போடுகிறாரா என்று பாருங்கள். அவர் உடம்பை நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள் என்பது ஒரு காரியம். உங்கள் கலியாணத்தை அந்த உடம்பின் பேரில் தீர்மானிப்பது வேறு காரியம். அம்மாவிடம் இதை மெதுவாக, ஆனால் சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது அந்த வீடு. நீங்கள் அதை இரண்டு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள்.

சென்னையிலிருந்து வந்த படங்களில் பெண் கலியாணத்தன்று கண்ணைக் கசக்கிக்கொண்டு புகுந்த வீட்டுக்குப் போவாள். தகப்பன் வாசலில் நின்று அழுவார். அதைப் பார்த்து நாமும் அழுதோம். ஆனால் நம்முடைய பக்கத்தில் பெண் எங்கே போனாள்? மட்டக்களப்பு அம்பாறை முழுவதும், தமிழர் முஸ்லிம் என்ற பேதமில்லாமல், வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் வந்து சேருவார். தாய்வழியில் குடி, அதாவது பரம்பரை, பார்க்கிற மண். மூத்தவளுக்குத் தாங்கள் இருக்கும் வீட்டைக் கொடுத்துவிட்டு, வளவின் ஒரு மூலையில் சின்னதாய் ஒன்றைக் கட்டிக்கொண்டு ஒதுங்கும் தாய் தகப்பனை ஊருக்கு ஊர் காணலாம். ஒரு தகப்பன் தன் கடமையை முடித்தேன் என்று சொல்வது அந்தக் கூரை ஏறிய பிறகுதான். மகள் விளக்கேற்றுகிறாள், பேரப்பிள்ளைகள் கிணற்றடியில் விளையாடுகிறார்கள், தானும் மனைவியும் பக்கத்தில் கிடக்கிறோம். உங்கள் அப்பா மேசன்மாருக்குத் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டு நின்ற நாளெல்லாம் மனதில் கட்டியது இதைத்தான்.

நீங்கள் கொழும்புக்குப் போனால் அந்த வீடு பூட்டிக் கிடக்கும். அதுதான் அவருடைய துக்கம் என்று நான் நினைக்கிறேன். அந்தத் துக்கத்துக்கு அவர் பார்க்கும் படம் ஒன்றிலும் காட்சி இல்லை. மகள் புகுந்த வீடு போவதற்கு அழும் தகப்பன் அங்கே இருக்கிறார், மகளுக்குக் கட்டிய வீட்டின் திறப்பை வைத்துக்கொண்டு நிற்கும் தகப்பன் இல்லை. தன்னுடையதைச் சொல்ல ஒரு கதை கிடைக்காததால், கையில் கிடைத்த கதையை எடுத்து "சொல்லுக்குக் கட்டுப்படு" என்று பேசிக்கொண்டிருக்கிறார். நீங்களும் அந்தக் கதைக்கே பதில் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்.

ஆகவே வீட்டைப் பற்றிப் பேசுங்கள். நீங்கள் விரும்புகிறவரைப் பற்றிய பேச்சை எடுக்காமல், முதலில் வீட்டை மட்டும். 1978 நவம்பர் 23இல் சூறாவளி அடித்தபோது அப்பாவுக்குப் பதினாறு வயது மட்டில் இருந்திருக்கும். அன்று அவர்களுடைய வீட்டுக்கு என்ன நடந்தது என்று கேளுங்கள். அப்பப்பாவும் அப்பம்மாவும் எங்கே ஒதுங்கினார்கள் என்று கேளுங்கள். இந்த வீட்டின் அத்திவாரத்தை ஏன் இவ்வளவு ஆழமாகப் போட்டார், ஜன்னலை ஏன் அந்தப் பக்கம் வைத்தார் என்று கேளுங்கள். பிறகு நீங்கள் சொல்ல வேண்டிய வசனம் ஒன்று இருக்கிறது: "நான் எங்கே இருந்தாலும் லோன் முடியும்வரை என் பங்கை நான் கட்டுவேன், அப்பா." சொல்வதற்கு முன், அதைச் செய்ய முடியுமா என்று கொழும்பு வாடகையோடு சேர்த்துக் கணக்குப் பாருங்கள். நீங்கள் விரும்புகிறவரும் அந்தக் கணக்கில் உட்கார வேண்டும். கிழக்குக்கு மாறி வர அவருக்கு வழி உண்டா, விடுமுறைக்கு இருவரும் அந்த வீட்டில்தான் வந்து நிற்பீர்களா, அதுவரை அப்பாவும் அம்மாவும் அங்கே குடியிருக்கலாமா, குடிபூரலை உங்கள் கலியாணத்துக்குக் காத்திராமல் இப்போதே நடத்தலாமா? கடைசிக் கேள்வியை நான் மிகவும் வற்புறுத்துவேன். மகள் முன்னின்று பால் காய்ச்சிய வீட்டை எந்தத் தகப்பனும் வீண் என்று நினைக்க மாட்டார்.

1986இல் வந்த சம்சாரம் அது மின்சாரம் உங்கள் அம்மாவுக்கு நினைவிருக்கும். காசுத் தகராறில் வீட்டுக்கு நடுவே கோடு கிழித்துக்கொள்ளும் தகப்பனும் மகனும். எல்லாரும் ஒன்றாகிவிடலாம் என்ற நேரத்தில், மூத்த மருமகள் லட்சுமிதான் பிரிந்தே இருப்போம், அன்போடு போய் வருவோம் என்கிறாள். கூட்டுக்குடும்பத்தைப் போற்றி வளர்ந்த சினிமா அந்த இடத்துக்கு வந்து சேர எத்தனை வருடம் எடுத்தது பாருங்கள். அப்பாவுக்கும் கொஞ்ச மாதம் கொடுங்கள்.

ஹட்டன் என்றதற்காக அப்பா மறுக்கிறாரா என்பதை நீங்கள் எழுதவில்லை. எழுதாமல் விட்டதிலிருந்தே அந்தப் பேச்சும் வீட்டில் அடிபடுகிறதோ என்று நினைக்கிறேன். "என்ன குடி?" என்ற கேள்விக்கு மலையகப் பிள்ளையிடம் பதில் இருக்காது. அந்தக் கேள்வி இந்த மண்ணுக்கு உரியது, அவ்வளவுதான். ஆனால் "தோட்டத்து ஆட்கள்" என்று யாராவது குரலைத் தாழ்த்திச் சொன்னால், அங்கே நீங்கள் பணிந்து போக வேண்டாம். அது அவமதிப்பு. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, அதை மீட்க எத்தனையோ வருடம் போராடிய மக்கள் அவர்கள். ஆசிரியராக இருந்த உங்கள் அப்பாவுக்கு இந்த வரலாறு தெரியும். அவருக்குத் தெரிந்ததை அவருக்கே மரியாதையாக நினைவுபடுத்தலாம். இந்த ஒன்றில் மட்டும் காலம் கொடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

இரவுப் படத்துக்குத் திரும்பிப் போங்கள். போய் உட்காருங்கள், போனைக் கையில் வைத்துக்கொள்ளாமல். ஒருநாள் நீங்களே முள்ளும் மலரும் படத்தைப் போடச் சொல்லுங்கள். முடிந்ததும், "காளி செய்தது சரியா, அப்பா?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். மகளைப் பற்றிச் சொல்லுங்கள் என்றால் வாய் திறக்காத தகப்பன்மார், காளியைப் பற்றிக் கேட்டால் அரைமணி நேரம் பேசுவதை என் அறையில் கண்டிருக்கிறேன். அவர் என்ன சொன்னாலும் அன்றைக்கு உங்கள் கதையை அதற்குள் கொண்டுவராதீர்கள். "அதேமாதிரித்தான் நீங்களும்" என்று ஒரு சொல் வந்தால் போதும், அடுத்த இரவு அவர் அறைக்குள் போய்ப் படுத்துவிடுவார். நீங்கள் விரும்புகிறவரைப் பற்றிய பேச்சு பகலில் நடக்கட்டும், படம் ஓடாத நேரத்தில், அம்மாவையும் வைத்துக்கொண்டு. அது மூன்றாம் நான்காம் முறையும் சண்டையில் முடிந்தால், பிரதேச செயலகத்தில் இருக்கும் உளவளத்துணை உத்தியோகத்தரிடம் மூவரும் போகலாம். ஊரில் தெரிந்தவர்கள் கண்ணில் படும் என்று கூச்சமாக இருந்தால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவில் கேளுங்கள்.

பேச்சு கனிந்து, அவர் வீட்டுக்கு வருகிற நாள் வந்தால், தனியாகக் கூட்டி வந்து அறிமுகம் செய்ய வேண்டாம். தன் தாய் தகப்பனோடு முறையாகப் பெண் கேட்டு வரட்டும். வந்தவர்களைப் புது வீட்டுக்குள் அழைத்துப் போய்க் காட்டுகிற வேலையை அப்பாவிடம் விட்டுவிடுங்கள்.

அன்புடன்,
உளவளத்துணையாளர்